குதிரை லாடமும் கொல்லன் பேரும்

பெயர்களின் பூர்விகம் – 17

போலந்தின் நடுப்பகுதியில் ஒரு மலை இருக்கிறது. அதன் பெயருக்கு 'மொட்டை மலை' என்று பொருள். 1025இல் அந்நாட்டின் முதல் அரசனாக முடிசூடிய பொலெஸ்வாவ் காலத்தில், எதிரிகள் அதன் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கீழே நின்ற படையைப் பார்த்து ஏளனம் பேசினார்களாம். ஆண்பிள்ளை இருந்தால் மேலே வரட்டும் என்கிற தோரணை. வழுக்குச் சரிவில் குதிரைகள் ஏறவில்லை. ஒருவனுக்கு மட்டும் ஒரு யோசனை உதித்தது. இரும்பை வளைத்துக் குதிரையின் குளம்பில் அடித்தான், ஏறினான், சவால் விட்டவனைக் கட்டி இழுத்துவந்து அரசன் முன்னால் நிறுத்தினான். அரசன் மகிழ்ந்து அவனுக்கு ஒரு சின்னம் கொடுத்தான்: நீலக் கேடயத்தில் பொன்னால் ஆன லாடம், வாய் மேல்நோக்கி, நடுவில் சிலுவை. கேடயத்துக்கு மேலே உள்ள தலைக்கவசத்தில் ஒரு வல்லூறு அதே லாடத்தைக் காலில் பிடித்துக்கொண்டிருக்கும். சின்னத்தின் பெயர் யஸ்ட்ஷெம்பியெத்ஸ். போலிஷ் மொழியில் வல்லூறைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

கதைதான். குலச்சின்னம் தரிக்கும் வழக்கமே போலந்துக்கு 13ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. பொலெஸ்வாவ் அதற்கு இருநூறு வருடம் முந்தியவன். இப்படிப்பட்ட கதைகளையெல்லாம் பர்தோஷ் பப்ரோட்ஸ்கி என்பவர் தேடிப் பிடித்து, 1584இல் கிராகோவில் அச்சான 'போலந்து வீரர்களின் குலச்சின்னங்கள்' என்ற பெரிய புத்தகத்தில் கோத்துவைத்தார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புராணம். தலபுராணம் படித்துப் பழகியவர்களுக்கு அந்த நடை அந்நியமாகத் தெரியாது.

எனக்கு இந்தக் கதையில் வேறொரு சந்தேகம். இரும்பைக் காய்ச்சி, வளைத்து, ஆணி இறக்கியது யார்? வாள் பிடிக்கிற கை லாடம் அடிக்குமா? பட்டறையில் துருத்தி ஊதிக்கொண்டிருந்த ஒரு கொல்லன்தான் அடித்திருக்க வேண்டும். லாடம் வீரனின் கேடயத்தில் ஏறியது; கொல்லனைக் கதை மறந்துவிட்டது. ஆனால் அவன் வேறு வழியாகத் திரும்பி வந்தான். போலிஷ் மொழியில் கொல்லனுக்கு 'கொவால்' என்று பெயர். இன்று போலந்தில் கொவால்ஸ்கி, கொவால்ஸ்கா என்ற குடும்பப் பெயரோடு இருப்பவர்கள் சுமார் 1 லட்சத்து 35 ஆயிரம் பேர். (ஆண்களுக்கு ஸ்கி, பெண்களுக்கு ஸ்கா.) சென்ற இதழில் பார்த்த ஹங்கேரியின் கொவாச்சும் இதே ஸ்லாவியச் சொல்லைக் கடன் வாங்கியதுதான்.

எண்ணிக்கையில் முதலிடம் நோவாக்குக்கு. சுமார் 2 லட்சம் பேர். 'புதிதாக வந்தவன்' என்று பொருள். ஆனாலும் சாதாரணப் போலந்துக்காரனை நினைத்தால் வாயில் வருகிற பெயர் கொவால்ஸ்கிதான். படிவத்தை எப்படி நிரப்புவது என்று காட்டும் மாதிரியில் 'யான் கொவால்ஸ்கி' என்று எழுதியிருக்கும். புது வரியால் சராசரி கொவால்ஸ்கிக்கு என்ன நஷ்டம் என்று செய்தித்தாள் கேட்கும். இவ்வளவு சாமானியமான இந்தப் பெயர், ஒரு காலத்தில் சாமானியனுக்குக் கிடைக்காத பெயர். இந்த வாரக் கதை அதுதான்.

கொல்லர் கிராமங்களில் தொடங்குவோம். 10ஆம் நூற்றாண்டு முதல் 12ஆம் நூற்றாண்டு வரை பியாஸ்ட் வம்ச அரசர்கள் தங்கள் கோட்டைகளைச் சுற்றிலும் தொழில்வாரியாக ஊர்களைக் குடியமர்த்தினார்கள். ஒரு ஊர் கேடயம் செய்யும், அதற்கு ஷ்சித்னிகி என்று பெயர். அம்புமுனை அடிக்கும் ஊர் க்ரோத்னிகி. அரண்மனைக்கு ரொட்டி சுட்டு அனுப்பும் ஊர் பியெகாரி. வேட்டை நாய் வளர்த்தால் ப்ஸாரி, வல்லூறு பழக்கினால் சொகொல்னிகி, பெட்டைக் குதிரை மேய்த்தால் கொபில்னிகி. வரியைக் காசாகக் கொடுக்க வேண்டியதில்லை. கைவேலையாகக் கொடுத்தால் போதும். அப்பன் செய்த வேலையை மகன் செய்தாக வேண்டும், ஊரை விட்டுப் போகவும் முடியாது. அந்த ஏற்பாடு 13ஆம் நூற்றாண்டில் தளர்ந்து மறைந்தது. ஊர்ப் பெயர்கள் மட்டும் வரைபடத்தில் தங்கிவிட்டன. இன்றும் போலந்தின் வரைபடத்தை விரித்தால் பல இடங்களில் 'கொவாலே' என்று ஊர் இருக்கும். கொல்லர்கள் என்பதைத் தவிர அந்தப் பெயருக்கு வேறு பொருள் இல்லை.

கொல்லர்கள் போன பிறகு அந்த ஊர் யாராவது ஒரு வீரனின் கைக்கு வந்திருக்கும். அவன் பெயர் யான் என்றால், 14ஆம் நூற்றாண்டு நீதிமன்ற ஏட்டில் லத்தீனில் 'கொவாலே ஊர் யான்' என்று எழுதுவார்கள். போலிஷ் மொழியில் ஊர்ப் பெயரோடு 'ஸ்கி' சேர்த்தால் 'அவ்வூருக்குரிய' என்று ஆகிவிடும், நாம் 'காரர்' போடுவதுபோல. 15ஆம் நூற்றாண்டில் இந்த வடிவம் பரவியது. கொவாலே ஊருக்குரியவன் கொவால்ஸ்கி ஆனான். ஆக, பழைய ஏடுகளில் முதலில் வருகிற கொவால்ஸ்கி பெரும்பாலும் சுத்தியல் பிடித்தவன் அல்லன். கொல்லர்களின் பெயரைத் தாங்கிய ஊருக்குச் சொந்தக்காரன்.

அப்போதும் அது நிலையான குடும்பப் பெயர் அல்ல. ஊரை விற்று வேறு ஊர் வாங்கினால் பெயரும் மாறும். அண்ணன் ஒரு ஊரிலும் தம்பி இன்னொரு ஊரிலும் இருந்தால் இரண்டு பேருக்கும் இரண்டு பெயர். வாரிசு வழக்கு என்று வந்தால், இவர்கள் ஒரே ரத்தம் என்று எப்படிக் காட்டுவது? அங்கேதான் குலச்சின்னம் உதவிக்கு வந்தது. பெயர் ஊரோடு ஓடும், சின்னம் ரத்தத்தோடு நிற்கும்.

போலந்துச் சின்னங்களை மேற்கு ஐரோப்பாவின் சின்னங்களோடு ஒப்பிட்டுக் குழம்புகிறவர்கள் அதிகம். இங்கிலாந்தில் ஒரு சின்னம் ஒரு மனிதனுக்குச் சொந்தம். அவன் மகன்கள்கூட அதில் ஏதாவது சிறு மாற்றம் செய்துகொள்ள வேண்டும். போலந்தில் ஒரே சின்னத்தை நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அப்படியே பகிர்ந்துகொண்டன. சின்னத்துக்குத் தனிப் பெயர் உண்டு. அந்தப் பெயர் பெரும்பாலும் போர்க்களத்தில் ஆட்களைத் திரட்டக் கூவிய கூவலிலிருந்து வந்தது. 1410இல் க்ருன்வால்ட் போரில் க்ரிஃப் குலத்தார் தங்கள் சொந்தக் கொடியின் கீழ் ஒரு தனிப் படையாகவே நின்றார்கள். சின்னத்துக்கு போலிஷ் மொழியில் 'ஹெர்ப்' என்று பெயர். ஜெர்மன் மொழியில் பரம்பரைச் சொத்தைக் குறிக்கும் சொல், செக் மொழி வழியாக வந்து இப்படி ஆனது. பங்காளிகள் எல்லாருக்கும் பொதுவான சொத்து என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

சொத்தை அந்நியருக்கும் பங்கு போட்டுக் கொடுத்தார்கள். 1413 அக்டோபரில் ஹொரோத்வோ என்ற ஊரில் போலந்தும் லிதுவேனியாவும் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. போலந்துக் குலங்கள் 47, லிதுவேனியப் பிரபுக்கள் 47 பேருக்குத் தங்கள் சின்னங்களைக் கொடுத்துப் பங்காளிகளாக்கிக்கொண்டன. வில்னாவின் ஆளுநர் மொனிவிதுக்கு லெலிவா சின்னம் கிடைத்தது: பிறை நிலா, அதன் நடுவே ஒரு நட்சத்திரம். கிராகோவ் பக்கத்துப் பெருங்குடி தர்னோவ்ஸ்கிகள் வைத்திருந்த சின்னம் அது. ஒரே நாளில், முன்பின் அறியாத இரண்டு வீடுகள் ஒரே குலமாகிவிட்டன. ரத்தம் என்றெல்லாம் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிவிடுவார்கள்.

இப்போது கொவால்ஸ்கிக்கு வருவோம். போலந்தில் பல கொவாலேக்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குலத்தார். ஆகவே கொவால்ஸ்கிகளுக்குப் பல சின்னங்கள். ஒரு கொவால்ஸ்கி வீட்டார் கொராப் சின்னத்தார். அவர்கள் கேடயத்தில் ஒரு மரக்கலம். இன்னொரு வீட்டார் வியெருஷோவா. அதில் பின்னங்காலில் எழும்பி நிற்கும் கிடாய், பாதி உடம்பு கன்னங்கறுப்பு, மறுபாதி சிவப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டம். இரண்டு கொவால்ஸ்கிகளும் சந்தித்தால், பெயர் ஒன்றாக இருந்தும் உறவு கிடையாது. அதே கிடாய்ச் சின்னத்தோடு வேறு பெயர்க்காரன் ஒருவன் வந்தால், அவன் பங்காளி. ஓநாய்களையும் பனிச்சறுக்கு வண்டிகளையும் வரைந்து மூனிச்சில் புகழ்பெற்ற ஓவியர் ஆல்ஃபிரெட் வியெருஷ்-கொவால்ஸ்கி (1849–1915) தன் பெயரின் முன்னால் கிடாயையும் கட்டிக்கொண்டார். 'எந்தக் கொவால்ஸ்கி?' என்ற கேள்வி எழுவதற்கு முன்பே பதில்.

இந்தக் குலத்தார் எல்லாரையும் சேர்த்து 'ஷ்லாக்தா' என்பார்கள். 18ஆம் நூற்றாண்டில் மக்கள்தொகையில் 100க்கு 8 முதல் 10 பேர் வரை இந்த வகுப்பு. மேற்கே பெரும்பாலான நாடுகளில் இத்தனை பேர் கிடையாது. அதனால் போலந்துப் பிரபு என்றாலே மாளிகையும் நாற்குதிரை வண்டியும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே ஒரு துண்டு நிலத்தைத் தன் கையால் உழுது, இடுப்பில் வாளைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போன பிரபுக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். 'தன் கொல்லையில் நிற்கும் பிரபு, மாகாண ஆளுநருக்குச் சமம்' என்பது அவர்கள் பழமொழி. கொல்லையில் வேறு ஒன்றும் இல்லாதபோது பழமொழியாவது வேண்டும்.

ஆனால் அந்தச் சமத்துவத்துக்குள் நுழைந்துவிட்டால் கிடைப்பது அதிகம். 1496இல் ஒரு சட்டம், நகரத்து வணிகர்கள் கிராம நிலம் வாங்கக் கூடாது என்றது. 1573 முதல் அரசனைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு ஒவ்வொரு பிரபுவுக்கும் உண்டு. 1578 முதல் புதிதாக ஒருவனைப் பிரபுவாக்க வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில்தான் முடியும். கதவு இறுகச் சாத்திக்கொண்டது. கையில் காசு இருக்கிறது, நிலம் வாங்க முடியவில்லை என்றால் மனிதன் என்ன செய்வான்? பக்கத்து மாகாணத்துக்குக் குடிபோவான். பெயரின் வாலில் ஒரு 'ஸ்கி' ஒட்டிக்கொள்வான். போகிற ஊரில் யாருக்கு அவன் அப்பனைத் தெரியும்?

வலேரியான் நெகான்டா ட்ரெப்காவுக்குத் தெரியும்.

இவர் கிராகோவ் பக்கத்து நடுத்தரப் பிரபு. தோபோர், அதாவது கோடரி, இவருடைய சின்னம். போலிப் பிரபுக்களைக் கண்டுபிடிப்பதை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். சந்தைக்குப் போவார், சத்திரத்தில் உட்காருவார், வேலைக்காரர்களிடம் பேச்சுக் கொடுப்பார், நீதிமன்ற ஏடுகளைப் புரட்டுவார். இன்னார் தகப்பன் பீர் வடித்தவன், இன்னார் பாட்டன் செருப்புத் தைத்தவன், இன்னார் மனைவியின் நகை எங்கிருந்து வந்தது என்று அகரவரிசையில் எழுதிவைப்பார். 1640இல் அவர் சாகும்போது சுமார் 2,500 பெயர்கள் சேர்ந்திருந்தன. நூலுக்கு 'ஹாம் வம்சத்தார் ஏடு' என்று பெயர் நிலைத்தது. பைபிளில் நோவாவின் கோபத்துக்கு ஆளான மகன் ஹாம். குடியானவர்கள் அவன் வழி வந்தவர்கள் என்பது அக்காலப் பிரபுக்களின் நம்பிக்கை. 'ஹாம்' என்பது இன்றைய போலிஷ் மொழியில் நாகரிகமில்லாதவனைத் திட்டும் சொல்.

ட்ரெப்கா அம்பலப்படுத்தும் தந்திரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது நீதிமன்ற நாடகம். ஒருவன் பிரபுதானா என்று இன்னொருவன் சந்தேகம் கிளப்பினால் வழக்காகும். குற்றம் சாட்டப்பட்டவன் ஆறு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும்: தகப்பன் குலத்தில் இருவர், தாய் குலத்தில் இருவர், வேற்றுக் குலத்தில் இருவர். அவர்கள் குலத்தின் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்தால் வழக்கு தள்ளுபடி. நிஜமான பிரபுவுக்கு இது அவமானம். போலிப் பிரபுவுக்கு இதுவே வரப்பிரசாதம். கூட்டாளி ஒருவனைப் பிடித்துத் தன் மேல் தானே வழக்குப் போடச் சொல்வான். ஆறு பேருக்குக் காசு கொடுத்துச் சாட்சி சொல்ல வைப்பான். 'இவன் சந்தேகமில்லாமல் பிரபு' என்று அரசு முத்திரையோடு தீர்ப்பு வரும். அன்றிலிருந்து அவன் பேரப்பிள்ளைகள் வரை கவலை இல்லை.

ட்ரெப்காவின் ஏடு அவர் காலத்தில் அச்சேறவில்லை. கைப்பிரதியாகவே கிடந்து 1963இல்தான் புத்தகமாக வந்தது. வெறுப்பில் எழுதிய ஏடு; எல்லாவற்றையும் அப்படியே நம்ப முடியாது. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் ஏழையாகப் பிறந்தவன் எப்படி மேலே ஏறினான், எங்கே தங்கினான், யாரை மணந்தான் என்பதற்கு இவ்வளவு உயிருள்ள சாட்சியம் வேறு எங்கும் கிடைக்காது. யாரைப் பெயரில்லாமல் ஆக்க நினைத்தாரோ, அவர்களைத்தான் மறக்க முடியாமல் செய்துவிட்டார்.

இவருக்கு நேர் எதிர் காஸ்பெர் நியெஷெட்ஸ்கி என்ற இயேசு சபைத் துறவி. 1728 முதல் 1743 வரை ல்வூவ் நகரில் நான்கு பெருந்தொகுதிகளாகக் குலவரலாறு எழுதினார். ஆதாரம் கேட்டார், கட்டுக்கதைகளைச் சந்தேகித்தார். அதனால் பிரபுக்களின் கோபத்துக்கு ஆளானார். இன்றைக்கும் போலந்தில் குலச்சின்னம் தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது இவரைத்தான்.

இதெல்லாம் மேல்தட்டின் கதை. அந்த 1 லட்சத்து 35 ஆயிரம் பேரில் பெரும்பாலோர் எங்கிருந்து வந்தார்கள்? பங்குக் கோயிலின் ஞானஸ்நான ஏட்டிலிருந்து.

திரெந்து பொதுச்சங்கம் 1563இல் திருமணங்களைப் பங்கு ஏட்டில் பதிய வேண்டும் என்று கட்டளையிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் போலந்தின் கிராமங்களுக்கும் ஏடு வந்தது. ஏடு லத்தீனில் இருக்கும். அதில் தகப்பன் பெயருக்கு முன்னால் ஒரு சிறு சொல்லைப் பாருங்கள், அதுதான் முக்கியம். 'கெனெரோசுஸ்' என்றால் வசதியான பிரபு. 'நோபிலிஸ்' என்றால் ஏழைப் பிரபு. 'ஃபமாத்துஸ்' என்றால் நகரவாசி. 'லபோரியோசுஸ்', உழைப்பாளி, என்றால் குடியானவன். பல வீட்டாரின் ஏட்டுக் கதை இப்படிப் போகும்: மூத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது தகப்பன் வெறும் 'யான், கொல்லன்'. அடுத்த பிள்ளைக்கு 'யான் கொவால்'. தொழில் பெயராகிவிட்டது. சில வருடம் கழித்துப் புதுப் பாதிரியார் வருகிறார். மூன்றாவது பிள்ளைக்கு 'யான் கொவால்ஸ்கி'. முன்னால் உள்ள சொல் மட்டும் மாறவில்லை, அதே லபோரியோசுஸ். 'ஸ்கி' போட்டால் பெயர் முழுமையாகத் தெரிகிறது என்று பேனா பிடித்தவருக்குத் தோன்றியிருக்கும். யானுக்குப் படிக்கத் தெரியாது. மறுப்புச் சொல்ல வழியில்லை. சொல்லியிருப்பானா என்பதும் சந்தேகம்.

இதே பட்டறையிலிருந்து கொவால்ச்சிக் (கொல்லன் பையன்), கொவாலிக் (சின்னக் கொல்லன்) எல்லாம் கிளம்பின. ஷ்மித் என்ற ஜெர்மன் பெயரை மொழிபெயர்த்துக்கொண்டு கொவால்ஸ்கி ஆனவர்களும் உண்டு. யூதர்களிலும் கொவால்ஸ்கிகள் இருந்தார்கள்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தைப் பங்கு போட்டன. படைக்கு ஆள் எடுக்கவும் வரி வாங்கவும் எல்லாருக்கும் மாறாத குடும்பப் பெயர் தேவைப்பட்டது. 'ஸ்கி'யின் மேல் காவல் நிற்க இனி ட்ரெப்காக்கள் இல்லை. மறுபக்கம், 1830ஆம் வருடக் கிளர்ச்சியை அடக்கிய ரஷ்ய அரசு, பிரபுக்கள் தங்கள் குலத்தைப் பத்திரங்களோடு நிரூபிக்க வேண்டும் என்று 1836இல் சட்டம் போட்டது. கொல்லையும் வாளும் மட்டும் வைத்திருந்தவர்களிடம் பத்திரம் ஏது? ஏராளமானவர்கள் ஏட்டில் குடியானவர்களாக இறங்கினார்கள். கீழேயிருந்து வந்த கொவால்ஸ்கியும் மேலேயிருந்து இறங்கிய கொவால்ஸ்கியும் ஒரே தொழிற்சாலை வாசலில் வரிசையில் நின்றார்கள். விடுதலை பெற்ற போலந்து 1921 மார்ச் 17இல் இயற்றிய அரசியலமைப்பின் 96ஆம் பிரிவு, குலச்சின்னங்களையும் பரம்பரைப் பட்டங்களையும் குடியரசு அங்கீகரிக்காது என்றது.

அங்கீகாரம் போனாலும் வியாபாரம் போகவில்லை. 'கொவால்ஸ்கி குலச்சின்னம்' அச்சிட்ட காபிக் கோப்பைகள் இணையத்தில் விற்கின்றன. எந்தக் கொவால்ஸ்கி, கலமா, கிடாயா, என்று விற்பவரும் கேட்பதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. பெயருக்குச் சின்னம் கிடையாது, குலத்துக்குத்தான் சின்னம் என்ற ஒரு வரி தெரிந்திருந்தால் அந்தக் கோப்பையின் காசு மிச்சம். உலகம் அறிந்த கொவால்ஸ்காவுக்குச் சின்னமே கிடையாது. 1905இல் க்வோகோவியெத்ஸ் என்ற கிராமத்தில், விவசாயமும் தச்சு வேலையும் பார்த்தவருக்குப் பிறந்த ஹெலெனா கொவால்ஸ்கா, மடத்தில் சேர்ந்து சமையலறையிலும் தோட்டத்திலும் வேலை செய்து 33 வயதில் இறந்தார். 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனித ஃபவுஸ்தினா என்று அறிவித்தது.

கடல் கடந்த கதை ஒன்று பாக்கி. 1926இல் கனடாவின் வின்ட்சர் நகரில், போலந்திலிருந்து குடியேறிய வீட்டில் எட்வர்ட் ஸ்புல்னிக் என்ற பிள்ளை பிறந்தது. ஆறடி ஏழங்குலம் வளர்ந்து குத்துச்சண்டை மேடைக்குப் பக்கத்து மேடையான மல்யுத்தத்துக்கு வந்தது. பார்வையாளர்கள் பயப்பட வேண்டும், பெயரைக் கேட்டதும் இரும்படிக்கும் முரடன் கண்ணில் தெரிய வேண்டும். அவர் தேர்ந்தெடுத்த பெயர் கொவால்ஸ்கி. 'கில்லர் கொவால்ஸ்கி' என்றால் மல்யுத்த ரசிகர்களுக்குத் தெரியும். பின்னாளில் சட்டப்படியும் அதையே தன் பெயராக்கிக்கொண்டார். ஸ்புல்னிக் என்று பிறந்தவன் கொவால்ஸ்கி என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறான். ட்ரெப்கா மட்டும் உயிரோடு இருந்திருந்தால், முன்வரிசையில் ஒரு சீட்டு வாங்கி உட்கார்ந்து, மடியில் ஏட்டைப் பிரித்திருப்பார்.

(அடுத்த இதழில்: நோவாக் – எல்லா ஊரிலும் புதியவன்)